ராஜாசாரஸ் டி-ரெக்ஸுக்கு என்ன முறை வேணும்?

குரோம்பேட்டையிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். ஏழாவது படிக்கும் அவருடைய பையன் ஏதோ ஒரு வீடியோவில் ராஜாசாரஸை ‘இந்தியாவின் டி-ரெக்ஸ்’ என்று சொல்லக் கேட்டுவிட்டு, அப்படியானால் இரண்டும் அண்ணன் தம்பியா என்று நச்சரிக்கிறானாம். கூடவே இன்னொரு சந்தேகம்: டைனோசர்களில் ‘பறவை இடுப்பு’, ‘பல்லி இடுப்பு’ என்று இரண்டு வகை இருக்கும்போது, பறவைகள் ஏன் பல்லி இடுப்பு வகையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்? செத்து மண்ணாகிப் போனதன் எலும்பை வைத்துக்கொண்டு யாருக்கு யார் சொந்தம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

முதலில் நேரடியான பதில். அண்ணன் தம்பி இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பிரியாணியில் கிடக்கிற கோழி, டி-ரெக்ஸுக்கு ராஜாசாரஸைவிட நெருங்கிய உறவு. பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒரு வாரத்துக்கு வேறு கேள்வி வராது. ஆனால் ஏன் என்று கட்டாயம் கேட்பான், அதற்குத்தான் மீதிப் பதில்.

ராஜாசாரஸ், டி-ரெக்ஸ் இரண்டுமே தெரோபாட் என்ற பெரிய கூட்டத்தில் வருபவை. இரண்டு காலில் நடந்த இறைச்சி உண்ணிகளெல்லாம் (சில கிளைகள் பின்னால் இலை தழைக்கு மாறிவிட்டன, அது வேறு கதை) இதில்தான். 1881-ல் மார்ஷ் என்ற அமெரிக்கர் வைத்த பெயர் இது. இந்தக் கூட்டம் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம் செரட்டோசார்கள், அதிலிருந்து வந்த குடும்பம்தான் அபெலிசாரிட், ராஜாசாரஸ் அங்கே. இன்னொரு பக்கம் டெட்டனூரே. அலோசாரஸ், டி-ரெக்ஸ், வெலாசிராப்டர், கடைசியாகக் காக்கா குருவி கோழி எல்லாம் அந்தப் பக்கம். டி-ரெக்ஸின் வழியும் கோழியின் வழியும் பிரிந்தது அதற்கப்புறம், ஜுராசிக் காலத்தின் நடுவில், ஏறக்குறைய 17 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். முன்னால் பிரிந்தவன் தூரத்து உறவு, பின்னால் பிரிந்தவன் கிட்டத்து உறவு, கணக்கு அவ்வளவுதான். யார் பார்க்க யாரைப் போல இருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே, அதுதானே சிக்கல்? பெரிய தலை, கத்திப் பல், குட்டிக் கை. அந்தக் குட்டிக் கையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுகிற இடம் அதுதான். ராஜாசாரஸில் நமக்குக் கிடைத்தவை மூளைப்பெட்டி, முதுகெலும்புகள், இடுப்பு, பின்னங்கால், வால் பகுதிகள்தான். கைக்கு அதன் உறவினரான கார்னோடாரஸைப் பார்க்கணும். அர்ஜென்டினாவில் கிடைத்து 1985-ல் பெயர் பெற்ற அந்த விலங்கின் எலும்புக்கூடு கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. அதில் மேல்கை எலும்பு ஓரளவு நீளம், ஆனால் முழங்கைக்குக் கீழே இருக்கிற இரண்டு எலும்பும் அந்த மேல்கையில் கால்வாசிதான். மணிக்கட்டில் எலும்பே இல்லை. அதற்குக் கீழே நான்கு விரல்களின் மிச்சம், எதையும் பிடிக்க லாயக்கில்லாத குச்சிகள். இதில் வேடிக்கை என்னவென்றால் தோள்மூட்டில் பொருந்தும் தலை மட்டும் நல்ல உருண்டையாக இருக்கும், கையை எல்லாப் பக்கமும் சுழற்றலாம், சுழற்றி என்ன செய்தது என்பது வேறு.

இப்போது டி-ரெக்ஸ். கை மொத்தமே ஒரு மீட்டர்தான், 12 மீட்டர் உடம்புக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் எலும்பு கனமானது, தசை ஒட்டியிருந்த தழும்புகள் ஆழமாகத் தெரியும், மணிக்கட்டு இருக்கிறது, இரண்டு விரல், இரண்டிலும் ஒழுங்கான நகம். மூன்றாவது விரலுக்கு உள்ளங்கையில் ஒரு சின்னத் துண்டு எலும்பு மட்டும் மிச்சம். அதாவது இது மூன்று விரல் கையிலிருந்து குறைந்து வந்தது, அபெலிசாரிட் கை நான்கு விரலிலேயே நின்று சூம்பிப் போனது. குறைந்த விதமும் வேறு, குறைந்த இடமும் வேறு. தலையும் கழுத்தும் வேட்டையைப் பார்த்துக்கொண்ட பிறகு கைக்கு வேலை இல்லாமல் போனது இரண்டு குடும்பத்திலும் தனித்தனியாக நடந்திருக்கிறது.

இதற்குச் சாட்சியும் இருக்கிறது. சீனாவில் கிடைத்த குவான்லாங் என்ற விலங்கு டி-ரெக்ஸ் வம்சத்தின் ஆரம்ப காலத்து ஆள், 16 கோடி ஆண்டு பழசு, மூன்று மீட்டர் நீளம்தான், தலையில் ஒரு மெல்லிய கொண்டை. அதன் கை நீளமானது, மூன்று விரல். டைரனோசார்கள் குட்டிக் கையோடு பிறந்த குடும்பம் இல்லை என்பது இதைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். 2006-ல்தான் இதற்குப் பெயரே வைத்தார்கள், அதனால் பழைய புத்தகங்களில் தேடினால் கிடைக்காது.

சரி, தோற்றத்தை நம்பக் கூடாதென்றால் எதை நம்புவது? ஒரு குடும்பத்தில் மட்டும் புதிதாக வந்து சேர்ந்த அம்சங்களை. எல்லாருக்கும் பொதுவான பழைய அம்சம் எதையும் நிரூபிக்காது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக வரும், ஆனால் பிடிபடாமல் பெரிய பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள்.

கோழியின் நெஞ்சுக்கு மேலே, கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் கவட்டை மாதிரி ஒரு எலும்பு இருக்கும். குழம்புக்குச் சின்னதாக வெட்டி வாங்கினால் தெரியாது, முழுக்கோழியாக வாங்கிப் பார்த்தால் தெரியும். இரண்டு காறை எலும்புகளும் நடுவில் ஒட்டிப்போனதுதான் அது, ஃபர்குலா என்பார்கள். 1926-ல் ஹெயில்மான் என்ற டென்மார்க்காரர் பறவைகளின் தோற்றம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பறவையும் தெரோபாடும் எலும்புக்கு எலும்பு ஒத்துப்போவதை அவரே பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு, கடைசியில் தெரோபாடுகளுக்குக் காறை எலும்பு கிடையாதே, ஒரு முறை தொலைந்த உறுப்பு திரும்ப வராதே, அதனால் இவை மூதாதை ஆக முடியாது என்று முடித்துவிட்டார். அதை அடுத்து நாற்பது ஆண்டுக்கு மேல் பெரும்பாலானவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இதில் பரிதாபம், மங்கோலியாவில் கிடைத்து 1924-ல் வெளியான ஓவிராப்டர் எலும்புக்கூட்டில் அந்தக் கவட்டை எலும்பு கண்ணெதிரே இருந்தது, வேறு எலும்பு என்று பெயர் எழுதி வைத்திருந்தார்கள். இன்றைக்கு அலோசாரஸ், டி-ரெக்ஸ், ஏன், 20 கோடி ஆண்டுக்கும் முந்தைய கோயலோபைசிஸ் வரைக்கும் ஃபர்குலா கிடைத்தாயிற்று.

அப்படியானால் ஃபர்குலாவை வைத்து டி-ரெக்ஸ் கோழிக்குக் கிட்டத்து உறவு என்று சொல்லலாமா? கூடாது! கோயலோபைசிஸ் இந்த இரண்டு பெரிய கிளைகளும் பிரிவதற்கு முந்தைய கட்டத்தைச் சேர்ந்தது. அதனிடமே இருக்கிறதென்றால் ஃபர்குலா மொத்தத் தெரோபாடுக்கும் பொதுச் சொத்து. கோழியும் தெரோபாடும் சொந்தம் என்று காட்ட அது உதவும், தெரோபாடுகளுக்குள்ளே யார் கிட்டம் யார் தூரம் என்று காட்ட உதவாது. உள்ளீடற்ற எலும்பும் அப்படித்தான். மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் ஒரு அபெலிசாரிட், ராஜாசாரஸுக்கு நெருக்கமான உறவு, அதன் முதுகெலும்புகளிலும் பறவைகளைப் போலக் காற்றுப் பைகள் புகுந்த குழிகள் இருக்கின்றன.

எது உதவும் என்றால், லெக் பீஸைக் கையில் எடுங்கள். கீழ் முனையில் ஒரு குமிழ் இருக்கும், கடையில் பாதத்தை வெட்டி எடுத்த இடம். நாம் அதைக் கால் எலும்பின் முனை என்றுதான் நினைப்போம். உண்மையில் அது கணுக்காலின் மேல்வரிசைச் சிறு எலும்புகள், கீழ்க்கால் எலும்போடு ஒட்டிப் போனவை. பிராய்லரை ஆறு வாரம் வாக்கிலேயே வெட்டிவிடுவதால் அதற்குள் சரியாக ஒட்டியிருக்காது, நன்றாக வெந்தால் அந்தக் குமிழ் தனியே கழன்று வரும். வயதான நாட்டுக்கோழியில் இந்த வேலையெல்லாம் நடக்காது, கல் மாதிரி இறுகியிருக்கும். அப்புறம் அதே எலும்பின் பக்கவாட்டில் ஊசி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு பாதி வழியில் மறைந்துபோகும், சாப்பிடும்போது குத்துமே, அதுதான் ஃபிபுலா. நமக்கு அது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை முழுசாக ஓடும். கோழியின் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள் இல்லையா, அவர்கள் காட்டுகிற இடம் முழங்காலே இல்லை, இந்தக் கணுக்கால்தான். முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது.

கணுக்காலின் முக்கிய எலும்புக்கு அஸ்ட்ரகலஸ் என்று பெயர். தெரோபாடுகளில் இதிலிருந்து ஒரு தகடு மேல்நோக்கி எழும்பி, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் படிந்திருக்கும். எல்லாரிடமும் இருக்கிறது, ஆனால் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதில்தான் விஷயம். அபெலிசாரிட் கிளையில் அது குட்டை. டெட்டனூரே பக்கத்தில் உள்ள சீலூரோசார் என்ற கிளையில் மட்டும் உயரமாக, எலும்பின் முகப்பு முழுக்க மூடுகிற மாதிரி அகலமாக வளர்ந்திருக்கும். டி-ரெக்ஸில் அப்படித்தான் இருக்கிறது, பறவை முட்டைக்குள் கரு வளரும்போதும் இதே தகடு உருவாகிப் பிறகு ஒட்டிப்போவதைப் பார்க்கலாம். ஃபர்குலாவை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இது புதிதாக வந்தது, அந்தக் கிளையில் மட்டும் வந்தது.

ஒன்றை வைத்து மட்டும் யாரும் முடிவு கட்டுவதில்லை. இப்படி நூற்றுக்கணக்கான அம்சங்களை அட்டவணை போட்டு, கணினியில் ஓட்டி, எந்த வம்சாவளிப் படம் எல்லாவற்றுக்கும் சிக்கனமாகப் பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். 1986-ல் ஜாக் காதியர் இந்த முறையில் தெரோபாடுகளையும் பறவைகளையும் ஒன்றாகப் போட்டு அலசியது பெரிய திருப்பம். அதுவரை ‘கார்னோசார்’ என்று ஒரு கூடை வைத்திருந்தார்கள், பெரிய இறைச்சி உண்ணி எது கிடைத்தாலும் அதில் போடுவது. டி-ரெக்ஸும் அலோசாரஸும் அதில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. 1990களில்தான் டி-ரெக்ஸ் அந்தக் கூடையிலிருந்து வெளியே வந்து சீலூரோசார் பக்கம் உறுதியாகப் போய் உட்கார்ந்தது. அப்புறம் சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த புதைபடிவங்கள் வேறு வந்தன. 2012-ல் யூடைரனஸ், ஒன்பது மீட்டர் டைரனோசார், உடம்பில் இழை இழையாக இறகு. எதிர்ப்பக்கத்தில் கார்னோடாரஸின் தோல் அச்சு கிடைத்திருக்கிறது, அதில் செதில்தான், இறகே இல்லை.

ஆனாலும் ‘இந்தியாவின் டி-ரெக்ஸ்’ என்று சொன்னவரை முழுசாகத் திட்ட முடியாது, அந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜபல்பூரில் பாரா சிம்லா என்ற குன்றில் மாட்லி என்ற ஆங்கிலேய நிலவியலாளர் தோண்டியெடுத்த எலும்புகளை 1933-ல் ஜெர்மானியரான ஹியூனேயும் அவரும் சேர்ந்து விவரித்தார்கள். இண்டோசூகஸ், இண்டோசாரஸ் என்ற பெயர்கள் அப்போது வந்தவை. கிடைத்ததெல்லாம் மண்டையோட்டுத் துண்டுகள், ஒப்பிட்டுப் பார்க்கத் தெற்குக் கண்டங்களிலிருந்து நல்ல மாதிரி ஒன்றும் கிடையாது. அதனால் 1960களிலும் 70களிலும் இண்டோசூகஸை டைரனோசார் குடும்பத்தில் சேர்த்தே எழுதினார்கள். 1985-ல் அர்ஜென்டினாவில் போனபார்ட்டும் நோவாஸும் அபெலிசாரஸை விவரித்து இப்படித் தனியாக ஒரு குடும்பமே இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் நம் ஊர் எலும்புகளுக்கு உண்மையான வீடு கிடைத்தது.

குஜராத்தில் ரைஹோலி கிராமத்துப் பக்கம் 1980களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை எடுத்த எலும்புகளுக்கு 2003-ல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயர் வைத்தபோது இந்தச் சந்தேகமெல்லாம் தீர்ந்திருந்தது. தடித்த மண்டைக் கூரை, மூக்கெலும்பும் நெற்றியெலும்பும் சேர்ந்து எழும்பிய தணிவான ஒற்றைக் கொம்பு, எல்லாம் மஜுங்காசாரஸ் ஜாடை. அதில் ஆச்சரியமும் இல்லை, மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்ததே சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான். டி-ரெக்ஸும் ராஜாசாரஸும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வாழ்ந்தவைதான், ஆனால் அது வட அமெரிக்காவின் மேற்கில், இது கடலுக்கு நடுவில் தனித்தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவில். நீளத்தைப் பொறுத்தவரை டி-ரெக்ஸின் 12 மீட்டருக்கு இது வராது, மதிப்பீடுகள் ஆறரையில் ஆரம்பித்து ஒன்பது வரை போகும்.

இடுப்பு விவகாரம். 1887-ல் ஹாரி சீலி டைனோசர்களை இடுப்பை வைத்து இரண்டாகப் பிரித்தார். இடுப்பில் ஒவ்வொரு பக்கமும் இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்று மூன்று எலும்பு. பியூபிஸ் முன்பக்கமாக நீட்டியிருந்தால் பல்லி வகை, பின்னால் சாய்ந்து இஸ்கியத்தோடு ஒட்டிப் போனால் பறவை வகை. டி-ரெக்ஸில் பியூபிஸ் முன்னும் கீழுமாக இறங்கி, நுனியில் பெரிய பூட்ஸ் மாதிரி முடியும். வெலாசிராப்டர் போன்ற சிறிய தெரோபாடுகளுக்கு வந்தால் அது பின்னால் திரும்பிவிட்டது, கோழியில் முழுக்கப் பின்னால் ஓடுகிற மெல்லிய குச்சி. பறவைகள் தங்கள் சொந்த வழியில் இந்த இடுப்புக்கு வந்து சேர்ந்தன. சீலி ‘பறவை இடுப்பு’ என்று பிரித்த ட்ரைசெரடாப்ஸ் வகையறா வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. தாவர உண்ணியான தெரிசினோசார்கள்கூடத் தனியாக அங்கே போயிருக்கின்றன. சீலி வைத்த பெயர்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது, எலும்பில் குழப்பம் இல்லை. கேள்வி கேட்டவரின் பையன் இதைத் தானாகவே யோசித்திருந்தால் கெட்டிக்காரன்தான்.

மணிக்கட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோழி இறக்கையைப் பக்கவாட்டில் மடக்கி விரித்துப் பாருங்கள், மேலும் கீழும் போகாது, விசிறி மாதிரி ஒரே தளத்தில் போய்வரும். அரை நிலா வடிவத்தில் ஒரு மணிக்கட்டு எலும்பு இருப்பதால் வரும் அசைவு இது. 1964-ல் மொன்டானாவில் டைனோனைகஸைக் கண்டெடுத்த ஜான் ஆஸ்ட்ரம், பறக்கவே பறக்காத அந்த விலங்கின் கையிலும் இதே எலும்பைப் பார்த்தார். ஹெயில்மான் மூடிவைத்த வழக்கைத் திரும்ப எடுத்தவர் இவர்தான். இந்த எலும்பு நன்றாக உருவாகியிருப்பது டி-ரெக்ஸையும் தாண்டிப் பறவைக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிற கிளைகளில், அதனால் கோழிக்கு டி-ரெக்ஸைவிட வெலாசிராப்டர் நெருக்கம்.

கடைசியாக நம் ஊர்ப் பக்கம், இதைச் சொல்லாமல் விட்டால் அரியலூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-ல் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள், யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர். எந்த வகை என்று எழுதினார்கள் தெரியுமா? இறைச்சி உண்ணி! கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர், டி-ரெக்ஸின் அதே எலும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படி ஒரு வேட்டை விலங்கு உலகத்தில் எங்குமே கிடையாது. இப்போது இதை நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்றே எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் மறுபடி அளந்து பார்க்க வழியில்லை. எலும்பு மழையிலும் ஈரத்திலும் இற்றுப் பொடிந்தே போயிற்று, மிஞ்சியவை வரைபடங்களும் சில பழைய புகைப்படங்களும். எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம்.

அதே கல்லமேட்டிலிருந்து 2013-ல் ஒரு பல் பற்றிய கட்டுரை வந்தது, ட்ரூடோன்டிட் என்ற சிறிய தெரோபாடின் பல் என்று. ட்ரூடோன்டிட்கள் பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவு, அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டுமே தெரிந்தவை. பல்லின் ஓரத்தில் பெரிய பெரிய கொக்கி ரம்பம் இருப்பதுதான் ஆதாரம். உண்மையாக இருந்தால் காவிரிப் படுகையில் பெரிய சேதி. ஆனால் ஒரே ஒரு பல். ஒரே மாதிரி இரையைத் தின்றால் பல்லும் ஒரே மாதிரி ஆகும், குட்டிக் கை கதைதான் திரும்பவும், அதனால் கணுக்காலோ மணிக்கட்டோ கிடைக்கும் வரை நான் இதைக் கேள்விக்குறியோடுதான் சொல்வேன். பையன் சார்ட் ஒட்டுகிறான் என்றால் அந்தக் கேள்விக்குறியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

நேரில் பார்க்கணும் என்றால் ரைஹோலியிலேயே ஒரு டைனோசர் அருங்காட்சியகம் இருக்கிறது, அகமதாபாத் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கலாம். பக்கத்திலேயே போதும் என்றால் எழும்பூரில் திருச்சி வண்டி ஏறி அரியலூரில் இறங்குங்கள், வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் கடல் உயிரிகள்தான், அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி), சிப்பி வகைகள். 2020-ல் பெரம்பலூர் குன்னம் பக்கம் ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸப்பில் ஊரே பரப்பியதும்கூட அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய உருண்டைக் கற்கள்தான். சிமெண்ட் ஆலைச் சுரங்கங்களுக்குள் அனுமதி வாங்காமல் பையனைக் கூட்டிக்கொண்டு இறங்காதீர்கள், பாறை சரியும்.